பத்து மார்க் காசும் ஒரு போலிப் பத்திரமும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல. இன்னிக்கு எழுத வெச்சது ஒரு காசு.

ஆன்சைட் போயிட்டு வந்த நண்பன் எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தான். எனக்கு மட்டும், "நீதான் காசு பொறுக்கறவனாச்சே, இந்தா"ன்னு ஒரு வெள்ளிக் காசை நீட்டினான். ஜெர்மனியோட 10 மார்க், 1989ல வெளியானது. ஹாம்பர்க் துறைமுகத்தின் 800வது பிறந்தநாள் நினைவு நாணயம். எடை 15.5 கிராம், அதுல 62.5 சதம் வெள்ளி. ஒரு பக்கம் கழுகு, கூடவே 'ஜே'ன்னு ஒரு எழுத்து. அது ஹாம்பர்க் நாணயச் சாலையோட அடையாளம். தன் பிறந்தநாளுக்குத் தானே காசு அடிச்சுக்கிட்ட ஊர் :-)

அப்புறம்தான் நோண்ட ஆரம்பிச்சேன். 800 வருஷம்னு எப்படிச் சொல்றாங்க? 1189 மே 7ம் தேதி, பார்பரோசான்னு பேரெடுத்த பேரரசர் பிரெடெரிக், ஹாம்பர்க் வணிகர்களுக்கு ஒரு பட்டயம் குடுத்தாராம். எல்பே ஆத்துல, கடல் வரைக்கும் உங்க கப்பலுக்குச் சுங்கம் கிடையாதுன்னு. சிலுவைப் போருக்குக் கிளம்பற நேரத்துல குடுத்தது. மனுஷன் 1190ல போற வழியிலேயே ஒரு ஆத்துல மூழ்கிச் செத்துட்டார்.

இப்ப மேட்டருக்கு வருவோம். இன்னிக்குக் கையில இருக்கற அந்தப் பட்டயம் போலி! 1260கள்ல, பேரரசர் செத்து முக்கால் நூற்றாண்டுக்கு அப்புறம், ஹாம்பர்க்காரங்களே தயார் பண்ணினது. சுங்கத் தகராறு வந்திருக்கு, காட்டறதுக்குக் காகிதம் வேணும், எழுதிட்டாங்க. பார்பரோசா வாய்மொழியா ஏதாவது சொல்லியிருக்கலாம்னு ஒரு கட்சி உண்டு. ஆனா பத்திரம் அவர் குடுத்தது இல்ல. காசு அடிக்கறதுக்கு வெகு முன்னாடியே வரலாற்று ஆசிரியர்களுக்கு இது தெரியும். தெரிஞ்சும் அடிச்சாங்க. 1977ல இருந்து மே மாசம் வந்தா துறைமுகப் பிறந்தநாள்னு ஊரே திருவிழா வேற.

நண்பன்கிட்ட சொன்னதும், "அப்ப இது ஃப்ராடு காசு"ன்னு ஒரே போடா போட்டான். எனக்கு அப்படித் தோணல. ஏன்னா எங்க வீட்டுலயே ஒரு போலித் தேதி இருக்கு.

எங்கப்பா பிறந்தது ஐப்பசி அடைமழையில. பாட்டி அதை நூறு தடவை சொல்லியிருக்காங்க. ஸ்கூல்ல சேர்க்கப் போனப்ப அஞ்சு வயசு முடியலை. ஹெட்மாஸ்டர் பேனாவை எடுத்து ஜூன் 1ன்னு போட்டுட்டார். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். நாங்க அப்பா பிறந்தநாளை ஜூன் 1தான் கொண்டாடுவோம், கேக் வெட்டுவோம், யாருக்கும் உறுத்தினதில்ல. ஆனா ரிட்டயர்மென்ட் வந்தப்ப அந்தத் தேதி பல்லைக் காட்டிச்சு. நாலஞ்சு மாசம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் புரட்டிக்கிட்டிருந்த நேரம் அது. பாட்டி சொன்ன மழையை எந்த ஆபீஸ் ஏத்துக்கும்? சர்டிபிகேட்ல இருக்கறதுதான் உண்மை.

என் கட்சி இதுதான். ஊருக்குன்னு ஒரு பிறந்தநாளை வெச்சுக் கொண்டாடறதுல தப்பே இல்ல. ஊர் என்ன ஆஸ்பத்திரியிலயா பிறக்குது, டோக்கன் போட்டுக் குடுக்க? ஹம்மாபர்க்னு ஒரு கோட்டை அங்க 9ம் நூற்றாண்டுலயே இருந்திருக்கு, 845ல வைக்கிங்குகள் வந்து சூறையாடியிருக்காங்க. மூன்றாம் அடால்ப்ங்கற பிரபு 1188 வாக்குல வணிகர்களுக்காக ஒரு புது ஊரையும் துறையையும் உருவாக்கினார். ஆக, தேதி பொய்யா இருந்தாலும் காலம் பொய் இல்ல.

நம்ம மெட்ராஸையே எடுத்துக்குங்க. 1639 ஆகஸ்ட் 22ன்னு கொண்டாடறோம். ஆனா நாயக்கர் குடுத்த சாசனத்தோட நகல்ல இருக்கறது ஜூலை 22. பிரான்சிஸ் டே இங்க வந்து இறங்கினதே ஜூலை 27ன்னு இருக்கறதால, மாசம் தப்பா விழுந்திருக்கும், ஆகஸ்டா இருக்கும்னு கணக்குப் போட்டாங்க. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே இருக்குங்கறது தனிக் கதை.

ஆனா திருவிழா வேற, நாணயம் வேற. திருவிழாவுல தேதி தப்புன்னா அடுத்த வருஷம் மாத்திக்கலாம். காசுல அரசாங்கமே அச்சுக் குத்திட்டா அதுதான் சர்டிபிகேட். அதுல அடிக்குறிப்புக்கு இடமில்ல. மார்க் போய் யூரோ வந்தாச்சு, இருந்தும் ஜெர்மனியோட மத்திய வங்கி இந்தக் காசை இன்னிக்கும் வாங்கிக்கிட்டு 5.11 யூரோ குடுக்கும். காசுக்குக் காலாவதி இல்ல, அது சொல்ற கதைக்கும் அப்படித்தான். அதனால நினைவு நாணயம் அடிக்கற எந்த ஊரும் கூட ஒரு சின்னச் சீட்டு வெக்கணும். இந்தத் தேதி எங்கேருந்து வந்துச்சு, யார் எழுதினாங்க, எவ்வளவு நிச்சயம்னு. ஹாம்பர்க்குக்கு அதுல அவமானம் ஒண்ணுமில்ல. சுங்கம் கட்டாம இருக்கப் பேரரசர் பேர்லயே பத்திரம் எழுதின வியாபாரிங்க ஊருங்கறதுதான், என்னைக் கேட்டா, அந்தத் துறைமுகத்தோட அசல் பிறப்புச் சான்றிதழ்.

அப்பாகிட்ட காசைக் காட்டி முழுக் கதையும் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இவனுங்களுக்காவது போலித் தேதியால லாபம்டா"ன்னாரு.

இந்த வருஷம் ஐப்பசியில இன்னொரு கேக் வெட்டறதா முடிவு பண்ணியிருக்கோம். உங்க வீட்டுலயும் ஜூன் 1 கேஸ் இருந்தா பின்னூட்டத்துல கை தூக்குங்க.