ரசிகர்மேல் வழக்கு

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில், கொழுந்து நிறுத்து முடிந்து பெரியவர்கள் லயம் திரும்பும் வேளையில், கைத்தொலைபேசியைச் சாய்த்துப் பிடித்துத் திரையில் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை இன்று சாதாரணமாகக் காணலாம். விளையாட்டு, இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’. ஓடுவதோ நமது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு லேலண்ட். அந்நிய வாகனத்தை நம்மூர் பஸ்ஸாக்கியவர்கள் ரசிகர்கள். ‘மொட்’ எனப்படும் இம்மாற்றங்களைச் சேர்க்க விளையாட்டுக்குள்ளேயே வழி வைத்தது அந்த நிறுவனம்.

இத்தகைய மனவிசாலம் எல்லா நிறுவனங்களுக்கும் வாய்க்கவில்லை. ‘ஜி.டி.ஏ.’ விளையாட்டுகளின் உரிமையாளரான அமெரிக்காவின் டேக்-டூ, 2017 ஜூன் மாதத்தில், மொட் செய்ய உதவும் ‘ஓப்பன் ஐ.வி.’ கருவியைச் சட்ட எச்சரிக்கை அனுப்பி முடக்க முயன்றது. ரசிகர்கள் கொதித்தெழவே, இலாபநோக்கின்றித் தனியொருவர் ஆடுவதற்காகச் செய்யப்படும் மாற்றங்கள்மீது பொதுவாக வழக்குத் தொடுப்பதில்லை என்ற அறிவிப்பு அதே மாதத்தில் வெளிவந்தது. ஆயினும் 2021இல், 2001, 2002ஆம் ஆண்டுகளின் இரு பழைய ஜி.டி.ஏ. விளையாட்டுகளின் நிரலை ஆராய்ந்து மீள எழுதி, அசல் விளையாட்டைக் கையில் வைத்திருப்பவர்க்கே பயன்படும்படி இலவசமாக அளித்த ஆர்வலர்கள்மீது, அந்நிறுவனம் கலிபோர்னியாவில் வழக்கே தொடுத்தது.

நிரல் தன்னுடையது என்ற அதன் வாதத்தில் சட்டபலம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பிரதியெடுத்து விற்பவனைத் தண்டிக்கவும் வேண்டும். ஆனால் அசலை வாங்கியவனுக்கே உதவுவதும், ஒரு சதமும் கேளாததும், பழைய படைப்புக்குப் புதிய ஆயுள் தருவதுமான உழைப்பைத் திருட்டோடு ஒரே தராசில் நிறுப்பது அநியாயம். மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தும், கடல் கடந்து வந்த ஒரு கதை, ஆடுவோரின் கைபட்டு இம்மண்ணுக்குரியதாக ஆனதன்றோ?

நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பை மாற்றியமைக்கும் உரிமையை உரியவருக்கே அளிக்கும் அதேவேளை, 11ஆம் பிரிவில் நியாயமான பயன்பாட்டுக்கும் இடம் வைத்து, நோக்கம் வியாபாரமா, மூலத்தின் சந்தை பாதிக்கப்படுமா என்பவற்றைப் பார்க்கச் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பை நீதிமன்றத்தில் நின்று நிலைநாட்டும் பொருள்வலிமை எந்த லயத்துப் பிள்ளைக்கு உண்டு? ஒரு சட்டக் கடிதமே போதும். அவன் அனைத்தையும் அழித்துவிடுவான், விசாரணையின்றியே தீர்ப்பு முடிந்துவிடும்.

இவ்வளவுக்கும் நிறுவனங்கள் ரசிகரின் கைவண்ணத்தால் இலாபமடையாதவை அல்ல. ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ முதலில் ஒரு மொட். வால்வ் நிறுவனம் அதைச் செய்தவர்களையே சேர்த்துக்கொண்டது. ஜி.டி.ஏ.வைத் தயாரிக்கும் ராக்ஸ்டாரும், 2015இல் ‘ஃபைவ் எம்’ என்ற மொட் ஆக்கியோரின் கணக்குகளைத் தடைசெய்து, 2023 ஆகஸ்டில் அக்குழுவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆகவே, எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை நிறுவனங்கள் முன்கூட்டியே பகிரங்கமாக எழுதிவைக்கட்டும். நமது சட்டமியற்றுவோரும், அசலைச் சார்ந்த இலவச மாற்றங்களை 11ஆம் பிரிவிலேயே பெயர்சொல்லிப் பாதுகாக்கட்டும்.