பேய்ப் பாட்டும் பெரியோர் சீற்றமும்

திகிற்படங்களைப் பார்த்துப் பாட்டுக் கட்டுவோர் கலைஞராகார் என்பர் சிலர். அது சாத்தான் வழிபாடு என்றும், இளைஞரைக் கெடுக்கும் இரைச்சல் என்றும் சினந்துரைப்பர் வேறு சிலர். ஹெவி மெட்டல் இசைக்கு வித்திட்ட ‘பிளாக் சபாத்’ குழுவின்மீது அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமத்தப்படும் பழி இதுவே. கோப்பைத் திறவாமல் மேலட்டையை மட்டும் கண்டு எழுதிய குறிப்பு இது என்போம் நாம்.

மேலட்டை எவ்வாறு அமைந்தது? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நால்வர் 1968இல் அமைத்த குழு அது. ‘எர்த்’ என்ற அவர்களது பெயர் வேறொரு குழுவுக்கும் இருந்தமையால், மாரியோ பாவா 1963இல் இயக்கி, போரிஸ் கார்லாஃப் நடித்த திகிற்படத்தின் ஆங்கிலப் பெயரை 1969இல் சூட்டிக்கொண்டனர். அஞ்சி நடுங்கவும் மக்கள் காசு கொடுக்கிறார்களே, அவ்வச்சத்தை இசையில் எழுப்பலாகாதா என்று எண்ணினர். மேலைநாட்டார் தீநாளெனக் கருதும் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையில், 1970 பிப்ரவரியில், முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பழிப்போர் கண்டது இவ்வளவே.

இனி, உள்ளே இருப்பதைக் காண்போம். கித்தார் வாசித்த டோனி அயோமி, 17ஆம் வயதில் தகட்டு ஆலையில் தம் கடைசி நாள் வேலையின்போது, வலக்கையின் இரு விரல்நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னாளில் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். சாத்தானின் குரல் என்று பெரியோர் அஞ்சிய அவ்வோசையில் ஓர் ஆலைத் தொழிலாளியின் காயமன்றோ ஒலிக்கிறது!

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970இல் அவர்கள் வெளியிட்ட ‘வார் பிக்ஸ்’ பாடல், படைத்தலைவர்களைச் சூனியக்காரியரோடு ஒப்பிடுகிறது. ஏழையைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒளியும் அரசியலாரைச் சாடுகிறது. சாத்தான் அதில் வருகிறான், மெய்தான். வழிபடப்படுபவனாக அன்று, போர்வெறியரின் முடிவு கண்டு நகைப்பவனாக வருகிறான். 1971இல் வந்த ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ பாடலோ கடவுளை எள்ளுவோரை நோக்கி வினாத் தொடுக்கிறது. இவையா சாத்தான் வழிபாடு?

அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்தது. போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைத்துண்ணும் காட்சியைச் சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பாடினார். அவரைப் பேய் வழிபாட்டினர் என்று நாம் ஒதுக்கினோமா? பரணிக்கு ஒரு நீதி, பர்மிங்ஹாமுக்கு வேறொரு நீதியா? பரணி வென்றவனைப் போற்றுகிறது; இவர்களோ போரையே பழிக்கின்றனர். அவ்வகையில் இவர்கள் ஒரு படி மேலே நிற்கின்றனர் என்று சொல்லவும் நாம் தயங்கோம்.

பேய்வேடத்தை மட்டும் கைக்கொண்டு பொருளை விட்டவர் பின்வந்தோருள் உண்டு. அவர்களுக்காக நாம் வாதாட வரவில்லை. போலியின் குற்றத்தை முதல்வர் தலையில் ஏற்றுவது முறையன்று என்பதே நம் வாதம்.

2025 ஜூலை 5 அன்று, தம் குழு பிறந்த அதே பர்மிங்ஹாமில் அந்நால்வரும் இறுதியாக இசைத்தனர். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் அம்மாதம் 22ஆம் நாள் மறைந்தார். விரலைத் தின்னும் இயந்திரமும் இளைஞரைத் தின்னும் போரும் இன்னும் மறையவில்லை. அவற்றைக் கண்டு அஞ்சாதார், அவற்றைப் பாடிய பாட்டைக் கண்டு அஞ்சுவதுதான் நமக்கு விளங்காத விந்தை!