வீட்டுக்காரம்மாவுக்கு எத்தனை பங்கு?



வீடு வாங்கும்போது நாம் பார்க்காத காகிதம் இல்லை. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா, பிளான் அப்ரூவல், வக்கீல் ஒப்பீனியன் எல்லாம் சரியாக இருந்தால்தான் அட்வான்ஸையே கொடுக்கிறோம். நமக்குப் பின் அந்த வீடு யாருக்கு என்று சொல்லும் ஒரே ஒரு தாளை மட்டும் எழுதுவதில்லை. உயில் என்று வாயைத் திறந்தாலே, “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?” என்று அடுப்படியிலிருந்து அதட்டல் வரும். அப்படி அதட்டுகிறவருக்காகத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

“எனக்கப்புறம் வீடு அவளுக்குத்தானே, இதுல எழுத என்ன இருக்கு?” என்றுதான் கணவர்கள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல்நிலை வாரிசுகள், ஆளுக்குச் சமபங்கு.

45 வயதில் லோன் போட்டுத் தன் பெயரில் ஃபிளாட் வாங்கிய ஒருவரை வைத்துக்கொள்வோம். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஊரில் அம்மா. திடீரென்று அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு நான்கு பங்கு. அந்த வீட்டைக் கட்டிக் காத்தவளுக்குக் கால் பங்கு! கடனை அடைக்க விற்கலாம் என்றால், மைனர் பிள்ளைகளின் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். மாமியார் தங்கமானவர், கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார்தான். ஆனால் எழுதிக் கொடுப்பதற்குள் அவரும் கண்ணை மூடிவிட்டால், அவருடைய கால் பங்கில் மற்றப் பிள்ளைகளுக்கும் உரிமை வந்துவிடும். கொழுந்தனாரும் நாத்தனாரும் அந்த ஃபிளாட்டில் பங்காளிகள். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் ஆளுக்கொரு விடுதலைப் பத்திரம் எழுதித் தராமல் வீட்டை முழுசாக விற்க முடியாது.

சொந்த சம்பாத்தியத்தில் வீடு வாங்கியிருக்கும் சகோதரிகளே, உங்கள் நிலைமை இன்னும் மோசம். கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை என்ற நிலையில் உயில் இல்லாமல் ஒரு பெண் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். பெற்ற தாய்க்கு அதற்கு அப்புறம்தான். எழுபது வருடமாகியும் இதை மாற்றாமல் வைத்திருப்பது எனக்குப் புரியவே இல்லை.

இன்னொரு பக்கம், அவசரப்பட்டுப் பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டு, பிறகு 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் மனுவோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். செட்டில்மென்ட் பதிவானதும் உரிமை கைமாறிவிடும். உயில் நம் காலத்துக்குப் பிறகுதான் பேசும். அதுவரை வீடு நம்முடையதே. மனசு மாறினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

எழுதுவதும் பெரிய வேலை இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்துப் போட, அதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். உங்களைவிட வயதில் சின்னவர்களாக இருப்பது நல்லது; நாளைக்கு ஒரு வழக்கு என்றால் அவர்கள்தானே வந்து சொல்ல வேண்டும்! பதிவு கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்பேன். பூர்வீகச் சொத்தானால் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். இஸ்லாமிய, கிறிஸ்தவ அன்பர்களுக்கு வாரிசு விதிகள் வேறு. ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

எழுதிய உயிலைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்