புதிய டிரைவுக்கு மாறும் படங்களும் கேட்டலாக்கின் இணைப்பும்

லைட்ரூம் கிளாசிக் போன்ற கேட்டலாக் மென்பொருள்கள் படங்களைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் ஹார்ட் டிஸ்க்கில் தன் ஃபோல்டரில் கிடக்கிறது. எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் கேட்டலாக்கில் பதிவாகிறது. எடிட் செய்த அளவுகள், ஸ்டார் ரேட்டிங், கீவேர்டு, கலெக்‌ஷன் எல்லாம் அந்தக் குறிப்பைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. பழைய டிரைவ் நிரம்பி, புதியது வாங்கி, ஃபோல்டர்களை அதற்கு மாற்றிய பிறகும் கேட்டலாக் பழைய இடத்தையே தேடும். அங்கே கிடைக்காவிட்டால் ஃபோல்டர் பெயரருகே கேள்விக்குறியும், படத்தின் மூலையில் ஆச்சரியக்குறியும் தோன்றும். படம் அழிந்துவிடவில்லை, இணைப்புதான் அறுந்திருக்கிறது. அதைத் திரும்பப் பொருத்தும் வேலையே ரீலிங்க்.

பவானி, குமாரபாளையம், ஈரோடு வட்டாரத்தில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஒழுங்காகப் பராமரிக்கும் கேட்டலாக்கில் ஒரு கொங்குத் திருமணம் முகூர்த்தக்கால், நாட்டுக்கல், இணைச்சீர், மங்கல வாழ்த்து என்று சீர்வாரியாகக் கீவேர்டு பெற்றிருக்கும். சீர்களை நடத்திவைத்த அருமைக்காரர் யார், இணைச்சீர் செய்த நாத்தனார் யார் என்ற விவரமும் இருக்கும். ஆல்பத்துக்கு வீட்டார் தேர்ந்தெடுத்த படங்கள் தனிக் கலெக்‌ஷனாக நிற்கும். பல ஆண்டு கழித்து, காலமாகிவிட்ட பெரியவரின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று வீட்டார் வந்து நிற்கும்போது, ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து அதைச் சில நொடியில் எடுத்துக் கொடுப்பது இந்தப் பதிவுதான். ஜமக்காள வியாபாரிக்கு எடுத்த படங்களும் அப்படியே. நிறம், பட்டை, அளவு என்று குறித்து வைத்திருந்தால் மட்டுமே பழைய டிசைனைத் திரும்பக் காட்ட முடியும்.

ஆச்சரியக்குறியைக் கண்டதும் பலர் செய்வது, எல்லாப் படங்களையும் புதிய டிரைவிலிருந்து மறுபடி இம்போர்ட் செய்வது. இதைவிடப் பெரிய சேதம் வேறில்லை. ஏற்கெனவே பதிவான படங்கள் என்று கண்டு மென்பொருள் அவற்றை ஏற்க மறுக்கும். அந்தத் தடையை எடுத்துவிட்டு இம்போர்ட் செய்தால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பதிவு உண்டாகும். பழைய பதிவில் எடிட்டும் கலெக்‌ஷனும் இருக்கும், ஆனால் படம் கிடைக்காது. புதிய பதிவில் படம் கிடைக்கும், கலெக்‌ஷன் இருக்காது. குழப்பத்தைத் தீர்க்கப் பழைய பதிவுகளை ரிமூவ் செய்தால் பல ஆண்டு உழைப்பு ஒரே சொடுக்கில் போய்விடும். சிங்க்ரனைஸ் ஃபோல்டர் கட்டளையிலும் இதே ஆபத்து உண்டு. காணாமல் போன படங்களைக் கேட்டலாக்கிலிருந்து நீக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் விளைவு இதுவே. ஆகவே ரீலிங்க் முடியும்வரை இம்போர்ட், ரிமூவ், சிங்க்ரனைஸ் மூன்றையும் தொடக்கூடாது.

வேலை தொடங்க வேண்டியது டிரைவை மாற்றுவதற்கு முன்பே. முதலில் கேட்டலாக்கைப் பேக்கப் எடுக்க வேண்டும். லைட்ரூமை மூடும்போது அது கேட்டு எடுக்கும் பேக்கப்பில் கேட்டலாக் மட்டுமே சேரும், படங்கள் சேராது. இதை அறியாமல் இரண்டும் பத்திரமாக இருப்பதாக நம்பியிருப்போர் ஏராளம். இரண்டாவதாக, எல்லாப் படங்களும் ஒரே தாய் ஃபோல்டரின் கீழ் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆண்டு, அதற்குள் தேதியும் நிகழ்ச்சியும் என்ற அடுக்கு இருந்தால் போதும். சிதறிக் கிடப்பவற்றை லைட்ரூமின் ஃபோல்டர் பேனலுக்குள்ளேயே இழுத்துப் போட்டு ஒழுங்குபடுத்தலாம். அங்கே நகர்த்தினால் கேட்டலாக்கும் கூடவே திருத்திக்கொள்ளும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலோ ஃபைண்டரிலோ நகர்த்தினால் அதற்குத் தெரியாது. ஒழுங்குபடுத்துவதையும் டிரைவ் மாற்றுவதையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடாது என்பது இதில் கண்டிப்பான விதி. அடுக்கும் பெயரும் இம்மியும் மாறாமல் போய்ச் சேர்ந்தால்தான் ஒரே கட்டளையில் முழு நூலகத்தையும் இணைக்க முடியும்.

நகர்த்துவதற்குக் கட் செய்து பேஸ்ட் செய்வது ஆகாது. நடுவில் மின்சாரம் போனாலோ கேபிள் அசைந்தாலோ பாதி இங்கும் பாதி அங்கும் நிற்கும். காப்பி செய்துவிட்டு, பழையதை அப்படியே விட்டுவைக்க வேண்டும். விண்டோஸில் டெராகாப்பி, மேக்கிலும் லினக்ஸிலும் ஆர்சிங்க் போன்ற கருவிகளில் காப்பியான ஃபைலை மூலத்தோடு செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்து ஒப்பிடும் வசதி உண்டு. 2 டெராபைட் படங்கள் வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் போனால் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஆகும். ஒப்பிட்டுப் பார்க்க மேலும் நேரம் வேண்டும். முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவில் இதைத் தொடங்குவது அறிவுடைமை அல்ல. இரண்டு வேலைக்கு நடுவே ஓய்வான நாளைத் தேர்ந்துகொள்வதே நல்லது.

டிரைவின் அடையாளத்தையே காப்பாற்றிவிட்டால் ரீலிங்க் தேவைப்படாமலே போகலாம். விண்டோஸில் பாதை டிரைவ் எழுத்தில் தொடங்குகிறது. பழைய டிரைவைக் கழற்றிவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதிய டிரைவுக்கு அதே எழுத்தைக் கொடுத்தால் கேட்டலாக் வேறுபாடே அறியாது. படங்களுக்கான டிரைவுக்கு ஆங்கில எழுத்து வரிசையின் பிற்பகுதியிலிருந்து ஓர் எழுத்தைக் கொடுப்பது பாதுகாப்பு. தொடக்க எழுத்துகளைப் பென் டிரைவும் கார்டு ரீடரும் பிடித்துக்கொள்ளும். மேக்கில் எழுத்து கிடையாது, டிரைவின் பெயரே பாதையில் வருகிறது. அங்கே புதிய டிரைவுக்குப் பழைய பெயரையே வைத்தால் போதும். ஆனால் ஒரே பெயருள்ள இரண்டையும் சேர்த்து மாட்டக்கூடாது.

எழுத்தோ பெயரோ மாறிவிட்டால் முறையாக இணைக்க வேண்டும். பழைய டிரைவைக் கழற்றிய பிறகே லைட்ரூமைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் அது பழைய படங்களையே காட்டிக்கொண்டிருக்கும். ஃபோல்டர் பேனலில் மேல்நிலை ஃபோல்டரை வலச்சொடுக்கி ‘ஷோ பேரண்ட் ஃபோல்டர்’ கட்டளையைக் கொடுத்து, எல்லா ஆண்டுகளும் ஒரே தாய் ஃபோல்டருக்குள் அடங்கும்படி செய்ய வேண்டும். பிறகு அந்தத் தாய் ஃபோல்டரை வலச்சொடுக்கினால் ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’ என்ற கட்டளை வரும். அதில் புதிய டிரைவில் உள்ள அதே தாய் ஃபோல்டரைக் காட்டினால் கீழே உள்ளவை அனைத்தும் இணைந்துவிடும். ஒவ்வொரு கல்யாண ஃபோல்டராக உட்கார்ந்து இணைப்பவர்கள் இந்த ஒரு படியைத் தெரிந்துகொண்டால் நாள் கணக்கில் நேரம் மிச்சமாகும்.

அதன் பிறகும் சில படங்கள் தனியே நிற்கலாம். லைப்ரரி மெனுவில் ‘ஃபைண்ட் ஆல் மிஸ்ஸிங் ஃபோட்டோஸ்’ கொடுத்தால் அவை மட்டும் திரளும். ஒரு படத்தின் ஆச்சரியக்குறியைச் சொடுக்கி ‘லொகேட்’ வழியே அதன் இடத்தைக் காட்டும்போது, அருகிலுள்ள மற்றவற்றையும் தேடும் கட்டத்தில் டிக் வைத்தால் அதே ஃபோல்டரில் காணாமல் போன மற்றவையும் சேர்ந்து இணையும். ஒன்றுமே மீதமில்லை என்று மென்பொருள் சொன்ன பிறகும், வெவ்வேறு ஆண்டுகளின் சில படங்களை முழு அளவில் திறந்தும் எக்ஸ்போர்ட் செய்தும் பார்க்க வேண்டும். பிரிவியூ மட்டும் தெரிவது மூலப்படம் வந்துசேர்ந்ததற்குச் சான்றாகாது.

தமிழில் ஃபோல்டருக்குப் பெயரிடுவோர் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. ‘கொடுமுடி’ என்ற பெயரில் உள்ள ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வடிவம் பெயரைப் பிரித்தே எழுதிவைக்கும், விண்டோஸ் வந்தபடியே வைத்துக்கொள்ளும். மேக்கிலிருந்து விண்டோஸுக்கு வந்த ஃபோல்டரைக் குறியீடு குறியீடாக ஒப்பிடும் மென்பொருள் வேறொன்று என்று முடிவுகட்டக்கூடும். டிஸ்க்கில் உள்ள பெயர்களுக்கு எண்ணும் ஆங்கில எழுத்தும், கீவேர்டுக்கும் தலைப்புக்கும் தாராளமாகத் தமிழும் என்று பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

மற்ற மென்பொருள்களிலும் தத்துவம் இதுவே. பிரீமியர் புரோவில் கிளிப் ஆஃப்லைன் ஆனால் ‘லிங்க் மீடியா’ பெட்டியில் ஒன்றைக் காட்டினால் மற்றவற்றையும் தானே தேடி இணைக்கும். டிஜிகேமில் அமைப்புகளின் கலெக்‌ஷன் பகுதியில் புதிய இடத்தைக் காட்ட வேண்டும். ஆப்பிள் ஃபோட்டோஸ் தன் நூலகத்தை ஒரே பொட்டலமாக வைப்பதால், மென்பொருளை மூடிவிட்டுப் பொட்டலத்தை முழுதாக நகர்த்தி, ஆப்ஷன் விசையை அழுத்தியபடி திறந்து புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அடோபி பிரிட்ஜ் ஃபோல்டர்களையே நேரே காட்டுவதால் அங்கே ஃபோல்டர்களைப் பார்ப்பதற்கு ரீலிங்க் தேவையில்லை.

கேட்டலாக்கே பழுதானால் கைகொடுப்பது, படத்தின் விவரங்களைத் தாங்கும் எக்ஸ்எம்பி பதிவு. படங்களைத் தேர்ந்து கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் எடிட்டும் கீவேர்டும் ரேட்டிங்கும் ஃபைலுக்கே எழுதப்படும். கேமரா நிறுவனங்களின் ரா ஃபைல்களுக்கு எக்ஸ்எம்பி தனித் துணைஃபைலாக அருகில் நிற்கும். நகர்த்தும்போது அதைக் குப்பை என்று எண்ணி விட்டுவிடக்கூடாது. கலெக்‌ஷனும் விர்ச்சுவல் காப்பியும் எக்ஸ்எம்பியில் ஏறுவதில்லை, அவை கேட்டலாக்கில் மட்டுமே வாழ்கின்றன. எக்ஸ்எம்பி இருந்தாலும் கேட்டலாக் பேக்கப் வேண்டும் என்பதற்குக் காரணம் இது.

பவானி போல இரண்டு ஆறுகள் கூடும் ஊரில் பேக்கப் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் காவிரியில் பெருவெள்ளம் வந்தபோது பவானியின் கரையோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடம் என்கிறது. வெளியிடம் என்பது அதே தெருவின் அடுத்த கடையாக இருந்தால் பயனில்லை. மேட்டுப்பாங்கான இடத்தில் உள்ள உறவினர் வீடோ, ஈரோட்டில் உள்ள கிளையோ, கிளவுடோ பொருந்தும். படங்களோடு கேட்டலாக்கின் நகலும் அங்கே சேர வேண்டும்.

பழைய டிரைவை அழித்து வேறு வேலைக்கு எடுக்கும் முன் நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: காணாமல் போன படம் ஒன்றும் இல்லை என்று கேட்டலாக் காட்ட வேண்டும், செக்சம் ஒப்பீட்டில் பிழை இருக்கக்கூடாது, புதிய டிரைவுக்குத் தனிப் பேக்கப் ஓடி முடிந்திருக்க வேண்டும், புதிய இணைப்புகளோடு கூடிய கேட்டலாக் மறுபடியும் பேக்கப் ஆகியிருக்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் பழைய டிரைவ் பெட்டியிலேயே இருக்கட்டும்.