நாலு கை மூலக்கூறு!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் காலேஜ் போகிறவர்களுக்கு மீஞ்சூர் நல்லா தெரிந்த ஸ்டேஷன். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது தெரியுமா? பல வருஷமாக மோட்டார் போட்டு உறிஞ்சியதில், நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவிட்டது. கூடவே வந்தவர், மைனஸ் சார்ஜ் கொண்ட குளோரைடு. அதாவது, ஓர் எதிரயனி.

பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீர் ஆலையின் டெக்னிக் ஆர்.ஓ. அந்தச் சவ்வு ஆள் பார்க்காது. கிட்டத்தட்ட எல்லா உப்பையும் வெளியே தள்ளிவிடும்.

தருமபுரி பக்கம் கதையே வேற. அங்கே போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு. பல்லில் கறை, எலும்பில் வலி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் நம் நாட்டில் அதிகபட்ச வரம்பு. ஆனால் அதே தண்ணீரில் குளோரைடு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் ஒருத்தரை மட்டும் எப்படிப் பிடிப்பது?

1886-ல் ஜெர்மனியின் அடால்ஃப் வான் பேயர், பைரோலையும் அசிட்டோனையும் ஆசிட் விட்டுக் கலந்தார். நாலு பைரோல் கைகோத்த ஒரு வளையம் கிடைத்தது. 'சரி, இருக்கட்டும்' என்று உலகம் நகர்ந்துவிட்டது. 110 வருஷம் கழித்து, 1996-ல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் செஸ்லர் குழு அதனிடம் ஃப்ளோரைடைக் காட்டியது. லபக்! நாலு என்-ஹெச் கைகளும் ஒரே பக்கம் திரும்பி, வளையமே ஐஸ்க்ரீம் கோன் மாதிரி குவிந்து, ஃப்ளோரைடைப் பிடித்துக்கொண்டது. குளோரைடைவிடப் பல மடங்கு இறுக்கமாக! காரணம் சிம்பிள்: ஃப்ளோரைடு ரொம்பக் குட்டி. அந்தச் சின்ன உடம்பில் சார்ஜ் அடர்த்தியாக இருப்பதால் ஹைட்ரஜன் பிணைப்பு பலமாக விழுகிறது.

'அப்போ தருமபுரிக்கு அனுப்பலாமே பாஸ்?' அவசரப்படாதீங்க! அந்தச் சோதனை நடந்தது டைகுளோரோமீத்தேனில். தண்ணீருக்கும் ஃப்ளோரைடு மேல் செம பாசம். சுற்றி நின்றுகொண்டு விடவே விடாது. அந்தப் பிடியை ஜெயிப்பதுதான் இன்றைக்கும் சவால்.

முடியாத காரியமா? பாக்டீரியாவைப் பாருங்க. பாஸ்பேட்டைப் பிடிக்கும் அதன் புரதம், கிட்டத்தட்ட அதே சைஸ், அதே வடிவத்தில் வரும் சல்ஃபேட்டைத் திருப்பி அனுப்பிவிடும். பாஸ்பேட்டில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன்தான் அடையாள அட்டை. அதுவும் தண்ணீருக்குள்ளேயே!

அதனால், லேபில் ஏதாவது பவுடர் கிடைத்து, 'இது எதுக்கு?' என்று பாட்டிலை ஓரங்கட்டும்போது பேயரை நினைச்சுக்கோங்க. பாட்டிலுக்குள் நாலு கை காத்திருக்கலாம்!