எட்டு வருஷம் என்ன செய்தார்?

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நமக்கு ஓர் அநுபவம் ஏற்படுவதுண்டு. அடிவாரத்தில் ஓயாமல் கேள்வி கேட்பவர்கள் பாதி மலை ஏறியதும் மௌனிகளாகிவிடுவார்கள். உச்சிக்குச் சமீபத்தில் பாறை பிளந்து ஆழமான வெடிப்பு ஒன்று இருக்கிறது. அதன்மேல் உள்ள பாலத்தைக் கடந்துதான் மேற்கோட்டைக்குள் நுழைய முடியும். இந்தத் தடவை அங்கே இளைப்பாறுகையில் ஒரு பையன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: "ராஜாராம் எட்டு வருஷம் இங்கே இருந்தார் என்று சொன்னீர்களே ஸார், அவ்வளவு நாளும் என்ன செய்தார்?"

தேசிங்கு ராஜா செய்ததைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். 1714ஆம் வருஷம் ஆற்காட்டு நவாபின் பெருஞ் சேனையைச் சிறு படையுடன் எதிர்த்துக் குதிரையில் பாய்ந்தான், மாண்டான். அவனுக்குக் கதைப் பாட்டு உண்டு, தெருக்கூத்து உண்டு. ராஜாராமுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே பையனுக்கு உண்மையையே சொன்னோம். "கடிதம் எழுதினார்" என்றோம். பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

சிரித்தது நியாயமே. ஆனால் அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் மராத்திய ராஜ்யம் என்ற ஒன்று 1690க்கு மேல் இருந்திருக்குமா என்பது சந்தேகம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, மீதமுள்ள ஒன்று நம் செஞ்சி. அவ்வளவு தூரத்தில் உள்ள இந்தக் கோட்டைக்கு அந்த வரிசையில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். பையனுடைய கேள்வியும் அதுதான்.

1689ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சிவாஜியின் மூத்த குமாரர் சம்பாஜி ஔரங்கஜீப்பின் கையில் சிக்கிக் கொல்லப்பட்டார். ராஜதானியான ராய்கட் முற்றுகைக்குள் இருந்தது. சம்பாஜியின் மனைவி ஏசுபாய், ராஜ குடும்பத்தார் அனைவரும் ஒரே கோட்டையில் இருந்து அகப்படலாகாது என்று கூறி, மைத்துனர் ராஜாராமை வெளியேறச் சொன்னதாக மராத்தியர் சரித்திரம் கூறுகிறது. ராஜாராமுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. அவர் மாறுவேஷத்தில் தெற்கே புறப்பட்டார். கேளடி ராணி சென்னம்மா மொகலாயரின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் வழிவிட்டு உதவினாள். வேலூர் வழியாக நவம்பரில் ராஜாராம் செஞ்சி வந்து சேர்ந்தார். அதே மாதத்தில் ராய்கட் விழுந்தது. ஏசுபாயும் அவளுடைய சிறு குழந்தை ஷாஹுவும் சிறைப்பட்டனர். செஞ்சியை 1677இல் சிவாஜி கைப்பற்றிப் பலப்படுத்தி வைத்திராவிட்டால் ஓடி வருவதற்கு இடமே இருந்திராது.

வந்த இடத்திலும் வரவேற்பு இல்லை. கோட்டை அதிகாரி ஹர்ஜி மகாடிக் சற்று முன்புதான் இறந்திருந்தார். அவருடைய விதவை ராஜாராமுக்குச் சகோதரி முறை. அந்த அம்மாளுக்குக் கோட்டையை விட்டுக்கொடுக்க மனமில்லை. கோட்டைச் சிப்பாய்களோ சிவாஜியின் மகன் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்குமுன்பே அபிப்பிராயம் ஜயித்துவிட்டது என்று சொல்லலாம்.

இந்த இடத்தில் மந்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரஹ்லாத் நீராஜி என்பவர் சிவாஜியின் நியாயாதிபதியாக இருந்த நீராஜி ராவ்ஜியின் புதல்வர். செஞ்சியில் இவருக்கென்றே 'பிரதிநிதி' என்று ஒரு பதவி சிருஷ்டிக்கப்பட்டது. அது அஷ்டப் பிரதானிகளுக்கும் மேலான பதவி. நாடு முழுவதும் எதிரி கையில் இருக்கிறது, கஜானா காலி. அந்த நிலையில் எட்டு மந்திரிகள், தர்பார், முத்திரை, விருது ஆகிய சகல சம்பிரமங்களும் எதற்கு என்று தோன்றும். நாமும் முதலில் படித்தபோது இதை வீண் டம்பம் என்றே நினைத்தோம். பிறகுதான் புரிந்தது. ராஜா உயிருடன் இருக்கிறார், ராஜ்யம் நடக்கிறது என்று மகாராஷ்டிரத்தின் மலைக் கோட்டைகளில் தனித்தனியே போராடிக்கொண்டிருந்த வீரர்கள் நம்ப வேண்டும். நம்பவைப்பதற்கு அந்தத் தர்பாரையும் முத்திரையையும் விட்டால் வேறு சாதனம் இல்லை. 1940இல் தேசத்தை ஜெர்மானியரிடம் பறிகொடுத்த டச்சு ராணி வில்ஹெல்மினா லண்டனில் இருந்துகொண்டு ரேடியோவில் தம் ஜனங்களிடம் பேசினார். ராஜாராமுக்கு ரேடியோ இல்லை. கடிதம் கொண்டு செல்லும் தூதர்களே இருந்தார்கள்.

அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது? நிலம் இருந்தது. சிவாஜி தம் வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதையே விரும்பினார். பரம்பரை பாத்தியதையாக நிலம் கொடுத்தால் கொடுத்தவனுக்கே எதிராக நிற்பார்கள் என்பது அவர் கொள்கை. ஔரங்கஜீப் இதை நன்கு பயன்படுத்திக்கொண்டார். தம்மிடம் வந்து சேரும் மராத்தியத் தலைவர்களுக்கு நிலமும் பட்டமும் வாரிக் கொடுத்தார். போட்டிக்கு ராஜாராமின் மந்திரிகளும் அதே சரக்கைக் கடை விரிக்க வேண்டியதாயிற்று. மகாராஷ்டிரத்தில் தங்கிச் சர்வாதிகாரமும் பெற்று யுத்தத்தை நடத்திய ராமச்சந்திர பந்த், ராஜாவின் பெயரால் 'வதன்' என்னும் பரம்பரை உரிமைகளை வழங்கினார். 1691இல் ஹணமந்த ராவ் கோர்படே என்ற தலைவருக்கு எழுதிய பத்திரத்தில் ஆறு லக்ஷம் ஹொன் வாக்களிக்கப்பட்டது. அந்தத் தொகை தவணை தவணையாகக் கிடைக்கும். ராய்கட்டை மீட்டால் இவ்வளவு, பீஜப்பூரைப் பிடித்தால் இவ்வளவு என்று போய்க் கடைசித் தவணை டில்லியை வென்ற பிறகு! மலைமேல் அடைபட்டிருக்கும் ராஜா டில்லியை முன்கூட்டியே பங்கு போடுகிறார். கேலிக்கூத்துத்தான். ஆனால் படித்த தலைவன் கேலியாக எண்ணவில்லை. குதிரைக்குச் சேணம் கட்டினான்.

யுத்த தந்திரமும் இதனோடு பின்னியது. 1690இல் ஜுல்பிகார் கான் செஞ்சிக்கு வந்து கூடாரம் அடித்தார். பின்னர் அவர் தந்தை, பிரதம மந்திரி ஆஸத் கானும், சக்கரவர்த்தியின் மகன் காம் பக்ஷும் வந்து சேர்ந்தார்கள். இவ்வளவு பெரிய சேனை தெற்கே முடங்கிக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் மகாராஷ்டிரத்தில் மராத்தியருக்கு லாபம். முற்றுகையைத் தாங்குவதே செஞ்சியின் யுத்த தந்திரம். தாக்குவது வெளியே திரிந்த குதிரைப் படையின் வேலை. 1692 டிசம்பரில் சாந்தாஜி கோர்படேயும் தானாஜி ஜாதவும் வந்து பாய்ந்தார்கள். காஞ்சிபுரத்துப் பௌஜ்தார் அலி மர்தான் கான் சாந்தாஜியிடம் பிடிபட்டார். முற்றுகை இட்டவர்களே முற்றுகைக்குள் ஆனார்கள். தானியம் வரவில்லை, சக்கரவர்த்தியின் கடிதமும் வரவில்லை. உடனே ஔரங்கஜீப் இறந்துவிட்டார் என்ற வதந்தி கூடாரம் கூடாரமாகப் பரவியது. காம் பக்ஷ் ராஜாராமுடன் ரகசியத் தொடர்பு வைத்திருந்தார். அவர் கோட்டைக்குள் ஓடிப்போகப் பார்க்கிறார் என்று அஞ்சித் தந்தையும் மகனும் இளவரசரையே காவலில் வைத்தார்கள். 1693 ஜனவரியில் பெரிய பீரங்கிகளைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். செய்தியை அடைப்பது தானியத்தை அடைப்பதற்குச் சமம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் நம் பக்கத்துச் சரித்திரத்தில் அபூர்வம். மொகலாயர் பக்கத்தில் உத்தியோகம் பார்த்த பீம்சேன் என்பவர், ஜுல்பிகார் கான் வேண்டுமென்றே முற்றுகையை இழுத்தடித்தார் என்று தம் குறிப்பில் குற்றஞ்சாட்டுகிறார்.

பணத்துக்கு விற்பனைதான் வழி. 1690இல் கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார்கள். பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரையுள்ள பூமியும் கிரயத்தில் சேர்த்தி. கம்பெனியார் குண்டு போட்டு எல்லை பிடித்தார்கள். கடலூரில் குண்டு சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அந்தக் கிராமத்துக் குடியானவனை யார் கேட்டார்கள்? வடக்கே இருந்த தலைவர்களின் மனத்தை அவ்வளவு கவனமாக அறிந்த அரசாங்கம், காலடியில் இருந்த ஜனங்களின் மனத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தச் சீமையார் ராஜாராமைப் பற்றிப் பாட்டுக் கட்டாததில் நமக்கு ஆச்சரியம் இல்லை.

பிரஹ்லாத் நீராஜி சில வருஷங்களுக்குள் காலமானார். அவருடைய அருமை பிறகுதான் தெரிந்தது. சாந்தாஜி 1695இல் தொட்டேரியில் காசிம் கானின் சேனையை அழித்தவர், கண்டிப்பில் நெருப்பு, எவர் முகத்துக்கும் அஞ்சாதவர். தானாஜி பொறுமைசாலி, எல்லாருக்கும் இனியவர். இருவருக்கும் நடுவே நின்று சமாதானம் செய்ய ஒருவர் வேண்டும், ஒருவரும் இல்லை. ராஜாராம் தானாஜி பக்கம் சேர்ந்தார். 1696இல் விருத்தாசலம் பிரதேசத்தில் மராத்தியர் படைகளே ஒன்றோடொன்று மோதின. மறு வருஷம் சாந்தாஜி கொலையுண்டார். யுத்தத்தில் வெல்ல முடியாத ஒருவரை ராஜ்யம் தானே உதறிவிட்டது. இதை மன்னிக்க நமக்கு மனம் வரவில்லை. இளம் ராஜாவைப் பலவீனர் என்று எழுதிய சரித்திராசிரியர்களோடு இந்த ஓரிடத்தில் நாமும் சேர்ந்துகொள்கிறோம். 1698 தொடக்கத்தில் செஞ்சி விழுந்தது. ராஜாராம் முன்னதாகவே வேலூருக்குத் தப்பிவிட்டார். அவருடைய குடும்பத்தார் சிறைப்பட்டனர். 1700இல் அவர் சிம்மகட்டில் இறந்தார். ஔரங்கஜீப் மகாராஷ்டிரத்தை அடக்க முடியாமலே 1707இல் அகமத்நகரில் கண்ணை மூடினார்.

வதன்களை வாரி வழங்கிய ராமச்சந்திர பந்த், முதுமையில் 'ஆக்ஞாபத்ரம்' என்ற ராஜநீதி நூலை எழுதியதாகச் சொல்வார்கள். வதன்தார்கள் ராஜ்யத்தில் பங்காளிகளாக முளைப்பவர்கள், அவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அதில் எச்சரிக்கை இருக்கிறது. தாம் எழுதிய கடிதங்களை அவர் அப்போது நினைத்திருப்பாரா?

இறங்கி வரும்போது அந்தப் பையன் மறுபடி பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டான். "கொடுத்த நிலத்தையெல்லாம் அப்புறம் திருப்பி வாங்கினார்களா ஸார்?" என்றான். "வாங்க முடியவில்லை" என்றோம்.

ஜுல்பிகார் கானின் பட்டப் பெயரான நுஸ்ரத் ஜங் என்பதை ஒட்டிக் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று மொகலாயர் பெயர் மாற்றி வைத்தார்கள். நாம் ஊர் திரும்ப ஏறிய பஸ்ஸின் பலகையில் செஞ்சி என்றுதான் எழுதியிருந்தது.