மூட்டைக்கு முதல் வண்டி

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கிறுகிறுப்போடு பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "ஊட்டிக்கு ரயில் விட்டான், இலங்கை மலைக்கும் விட்டான், இந்தச் சேர்வராயன் மலையை மட்டும் வெள்ளைக்காரன் மறந்துவிட்டானே!"

இந்தப் பெருமூச்சை நான் ஆட்சேபிக்கிறேன். ரயில் என்ன, துரைமார் கொடுத்த தானமா?

இலங்கையையே எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடியது 1864 டிசம்பரில். 1867இல் பாதை கண்டியை எட்டியது. தலதா மாளிகையைத் தரிசிக்க ஜனங்கள் சிரமப்படுகிறார்களே என்ற இரக்கமா? இல்லை. காப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் துறைமுகம் வந்து சேரப் பல நாள் பிடித்தது; அதுதான் காரணம். 1869இல் தலைகாட்டிய இலைத் துரு நோய் காப்பியை அழித்தது. தேயிலை வந்தது. தண்டவாளமும் தேயிலையின் பின்னாலேயே மலை ஏறியது: 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை.

சரி, அந்தக் காப்பியைப் பறித்தவன் எப்படிப் போய்ச் சேர்ந்தான்? திருச்சி, மதுரை, நம் சேலம் சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னால் கிளம்பியவர்கள் தோணியில் மன்னார்க் கரை இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் அநேகர். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். மூட்டைக்கு 1867, மனிதனுக்கு 1914. நடுவில் 47 வருஷம்!

"எதற்காகப் போட்டால் என்ன? இன்று எல்லாரும்தானே ஏறுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். ஏறட்டும், சந்தோஷம். ஆனால் நன்றியைச் சரியான விலாசத்துக்கு அனுப்புங்கள். கவர்னர்களின் பெயரும் இன்ஜினீயர்களின் பெயரும் சரித்திரத்தில் இருக்கின்றன. கல் சுமந்தவன் பெயர் எங்கே?

பெயர் மட்டுமா போயிற்று? 1948இல் வந்த சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு பிரதமர்களும் தலைகளை எண்ணிப் பங்கிட்டார்கள். உழைத்த மண்ணை விட்டுக் கிளம்பியவர்களைத் தலைமன்னாருக்குச் சுமந்து போனதும் அதே ரயில்தான். மலைநாட்டு மக்கள் அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். ஐந்து புத்தகம் எழுதினாலும் அந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாகாது.

இந்த மலையிலும் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்திலிருந்தே காப்பி விளைகிறது. ரயில் வேண்டுமென்றால் கேளுங்கள். நம் வரிப் பணத்தில், நம் உரிமையாகக் கேளுங்கள். கேட்கும்போதே, தோட்டத்தில் காப்பி பறிக்கிறவளும் டிக்கெட் வாங்கி ஏறக்கூடிய ரயிலாகக் கேளுங்கள். போனவன் விட்டுவிட்டுப் போகவில்லையே என்று மட்டும் அழ வேண்டாம்.